வண்டி மட்டும்தான் உள்ளூர்

உத்தனப்பள்ளியில் யாரிடம் கோழி கேட்டாலும் நாட்டுக்கோழிதான் கொடுப்பார்கள். வேறு கோழி இங்கே விற்பனைக்கே இல்லை. கழுத்தில் இறகு இல்லாததும் நாட்டுக்கோழி, கால்வரை இறகு மூடியதும் நாட்டுக்கோழி. நாக்குவரை கறுத்திருந்தால் அது ‘ஒரிஜினல்’ நாட்டுக்கோழி, விலையும் அதற்கேற்ப ஒரிஜினல். கறிக்கடைக்காரர் ஒருவர் ஒருநாள் கூண்டைக் காட்டி, “இது நாட்டு பிராய்லர்க்கா” என்றார். அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை.

எங்கள் வீட்டுக் கோழிகள் குஞ்சாக டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்து இறங்கின. ராயக்கோட்டை ரோட்டிலிருந்து அந்த வண்டி தெருவுக்குள் திரும்பும்போதே பின்சீட்டுக் கூண்டின் கீச்சுக் குரல் கேட்டுவிடும். வியாபாரி இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு, கூண்டுக்குள் கைவிட்டு ஒரு குஞ்சை அள்ளி, முட்டிக்குள் அடக்கித் தலையை மட்டும் வெளியே நீட்டிக் காட்டினார்.

“நாட்டுக்கோழிதானாண்ணே?”

“சாமி சத்தியமா நாட்டுக்கோழிக்கா. வேணும்னா அதோட கண்ணைப் பாருங்க.”

பார்த்தேன். அதுவும் பார்த்தது. கண்ணில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவு. வீட்டுக்கு அரை கிலோ ஆணி வாங்கினாலும் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்கிற மனிதர். “எந்தப் பண்ணையில பொரிச்சது? எத்தனை நாள் குஞ்சு? தடுப்பு மருந்து போட்டதுக்கு ரெக்கார்டு இருக்கா?” என்று வரிசையாக ஆரம்பித்தார். வியாபாரி அவரைச் சற்று இரக்கத்தோடு பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்கக்கா, எத்தனை போடட்டும்?” என்றார். ஏழு வாங்கினோம். சோனியாக நின்ற ஒரு செவலைக் குஞ்சை எட்டாவதாக, கொசுறாகப் போட்டார். காசு வாங்காததால் அதற்குச் சத்தியமும் செய்யவில்லை.

டிவிஎஸ் 50 ஓசூர் தொழிற்சாலையிலிருந்து 1980-ல் வெளிவந்தது. அந்த வம்சத்தில் வந்ததுதான் எக்ஸ்எல். அன்றைக்கு எங்கள் வாசலில் நின்ற கூட்டத்தில் பூர்வீகம் இந்தப் பக்கம்தான் என்று அடித்துச் சொல்லக்கூடியது அந்த வண்டி ஒன்றுதான். வியாபாரிக்கு ஆந்திராவில் குப்பம், எனக்குத் திருமங்கலம், வீட்டுக்காரருக்குத் திருத்துறைப்பூண்டி. குஞ்சுகளின் ஊர் பிறகு தெரிந்தது.

அவை வளர வளர வேஷம் கலைந்தது. கலர் கலரான இறகும் பருத்த உடம்புமாக, ரெண்டு மாதத்திலேயே மாமனார் நடை நடக்க ஆரம்பித்தவை கிரிராஜா. பெங்களூரு ஹெப்பாளில் கோழி விஞ்ஞானிகள் புழக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய ரகம். அத்திப்பள்ளி செக்போஸ்டில் லாரியை நிறுத்துகிறார்கள், கோழியை யாரும் நிறுத்துவதில்லை. இன்னும் ரெண்டு, வனராஜா மாதிரி இருந்தன. அது ஐதராபாத் ஆராய்ச்சி நிலையத்துச் சரக்கு. ஒன்றை மட்டும் நந்தனம் கோழி என்று முடிவு கட்டினோம். நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கியது அது. அண்ணா சாலை பக்கத்து நந்தனத்தின் பேரைத் தாங்கிக்கொண்டு சூளகிரி வட்டத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. கடைக்காரர்கள் ‘ஒரிஜினல்’ என்று சத்தியம் செய்யும் அந்தக் கறுப்புக் கோழி கடக்நாத். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா மாவட்டத்துக்காரர்கள் அதற்கு 2018-ல் புவிசார் குறியீடே வாங்கி வைத்திருக்கிறார்கள்.

உண்மையில் சத்தியம், கண் பரிசோதனை எதுவும் இல்லாமல் குஞ்சு பற்றிக் கேட்க எங்கள் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824-ல் வெள்ளைக்காரன் பட்டாளத்துக் குதிரைக்காக ஆரம்பித்த பண்ணை இன்றைக்கு மாவட்ட கால்நடைப் பண்ணை. அதே மத்திகிரிப் பக்கம் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரியும் உண்டு. கோழிக்கென்றே பி.டெக். தருகிறார்கள். வீட்டுக்கு ஒரு பி.டெக். இருக்கிற தொழிற்பேட்டைப் பிரதேசத்தில் கோழிக்கு மட்டும் ஏன் கூடாது?

எங்கள் தெருவில் பி.டெக். முடித்தவர்கள் அனேகம். கோழி தெரிந்தவர் ஒருவர்தான்: வீட்டு ஓனர் அவ்வா. தலைமுறை தலைமுறையாக இதே ஊர். வீட்டில் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். கோழிகளிடம் அவர் பேசுவது எந்த பாஷையிலும் சேராது. ஆனால் அவைதான் அவர் சொன்னதைக் கேட்கும், அவர் பெற்ற மக்கள் கேட்பதில்லை.

குஞ்சு வந்தது மார்கழியில். ஓசூர்ப் பக்கம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர். அந்த மாதத்தில் மனிதர்களே குல்லாவைக் கழற்றுவதில்லை. தாய் இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும், வாரம் ஐந்து டிகிரியாகக் குறைத்துக்கொண்டே வரலாம் என்பது கணக்கு. எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும், கோழிக்குக் கதகதப்பு தராது. எனவே ஓசூர் கடைகளில் பழைய குண்டு பல்பு தேடினேன். “அதெல்லாம் கரண்ட்டைக் குடிக்கும்கா, எதுக்கு?” என்றார் கடைக்காரர். கோழிக்கு என்றேன். மறுபேச்சில்லாமல் பரண் மேல் ஏறினார்.

வீட்டுக்காரர் அட்டைப்பெட்டிக்குள் உமி பரப்பி, பல்பைத் தொங்கவிட்டு, துப்பாக்கி மாதிரி நீட்டிப் பிடிக்கும் தெர்மாமீட்டர் ஒன்றை வரவழைத்து, மணிக்கொரு தரம் சுட்டு, சார்ட் போட்டு சுவரில் ஒட்டினார். அவ்வா வந்து எட்டிப் பார்த்தார்.

“ஏமம்மா, கம்பெனிக்கு லீவா இவருக்கு?”

“சூடு பாக்கறாரு அவ்வா.”

“குஞ்சு பல்புகிட்ட போயி ஒண்ணு மேல ஒண்ணு ஏறுச்சின்னா குளிரு. மூலைக்கு ஓடி வாயைப் பொளந்துச்சின்னா சூடு. பரவலா மேயுதா, சரியா இருக்குதுன்னு அர்த்தம். இதுக்குப் போயி துப்பாக்கி எடுக்கறாரே!”

பிறகு ஒரு கால்நடைத் துறைக் கையேட்டில் பார்த்தேன். துப்பாக்கியைத் தவிர மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

அடுத்தது வெள்ளைக்கழிச்சல். கோழி வளர்க்கிற எந்த வீட்டிலும் இந்தப் பேரை உரக்கச் சொல்ல மாட்டார்கள். காலையில் தலை தொங்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், ரெண்டொரு நாளில் கூடு காலி. இங்கிலாந்தில் நியூகாசில் நோய் என்பார்கள், இந்தியாவில் ராணிக்கெட் நோய், அதுவும் இமயமலைப் பக்கத்து ஊர். பாருங்கள், நோய்க்குக்கூட எந்த ஊர் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள், கோழிக்குத்தான் இல்லை. முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு மருந்து, எட்டாவது வாரம் றெக்கைக்கு அடியில் ஊசி. இதற்காக அரசு கால்நடை மருந்தகத்தில் ஒரு நாள் ஒதுக்குவார்கள். காரணம், மருந்து குப்பி ஒன்றே நூறு கோழிக்கு வரும். கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், அதுவரை ஐஸில் இருக்க வேண்டும். ஆகவே ஒயர் கூடை, சாக்குப்பை, பிளாஸ்டிக் பக்கெட், ஹெல்மெட் என்று கைக்குக் கிடைத்ததில் எல்லாம் கோழியைப் போட்டுக்கொண்டு ஊரே வரிசையில் நிற்கும்.

சொட்டு விடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இடது கையில் குஞ்சை அடக்கி, தலையைச் சாய்த்து, கண்ணுக்கு மேல் ஒரு சொட்டைத் தொங்கவிடுகிறார்கள். சொட்டு விழுகிறது. கண்மணியின் மேல் ஒரு நொடி அப்படியே நிற்கிறது. குஞ்சு இமைத்து, அது உள்ளே இறங்கினால்தான் கையை எடுக்கிறார்கள். எல்லாம் இமைத்தன. செவலை மட்டும் இமைக்காமல் மருந்து விட்டவரையே முறைத்துக்கொண்டிருந்தது. “இது யாரு வீட்டுது?” என்று கேட்டார்கள். கொசுறுங்க என்றேன்.

வளர்ந்ததும் ரெண்டு சேவலாகிவிட்டன. எதிர்வீட்டு அண்ணனுக்குப் பிரச்சினை தொடங்கியது அங்கேதான். நாகர்கோவில்காரர், மாதத்தில் பாதி நாள் சி ஷிப்ட். விடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, பல் விளக்கி, இட்லி சாப்பிட்டுப் படுப்பார். சேவல் விடியற்காலையில் மட்டும் கூவும் என்பது பாடப்புத்தகத்துச் சேவல். நிஜச் சேவல் மூன்றரைக்கு ஆரம்பிக்கும், பத்து மணிக்கு ஒரு சுற்று, மத்தியானச் சோற்றுக்கு ஒரு சுற்று, காரணமே இல்லாமல் ஒரு சுற்று.

“தங்கச்சி, தப்பா நெனக்காதே. அத ஏ ஷிப்டுக்கு மாத்த முடியுமா?” என்று கேட்டார்.

வீட்டுக்காரர் கூண்டைத் தார்ப்பாய் போட்டு இருட்டாக்கினார். வெளிச்சம் தெரியாவிட்டால் கூவாது என்பது அவர் கருத்து. தார்ப்பாய்க்குள்ளிருந்து மூன்றரைக்கே சத்தம் வந்தது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் 2013-ல் இதைச் சோதித்திருக்கிறார்கள். நாள் முழுக்க ஒரே மங்கல் வெளிச்சத்தில் வைத்தும், உடம்புக்குள் இருக்கிற கடிகாரத்தைப் பார்த்து நேரத்துக்குக் கூவியிருக்கிறது. 2015-ல் இன்னொன்றும் கண்டார்கள்: கூட்டத்தில் மூத்த பதவிச் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை பதவி வரிசைப்படி. மானேஜர் பேசி முடிக்கும்வரை சூப்பர்வைசர் வாய் திறப்பதில்லை. இதைக் கேட்டு எதிர்வீட்டு அண்ணன் கொஞ்சம் சமாதானமானார். “அங்கயும் அப்படியா” என்றார். ஜூனியரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவ்வா வீட்டு ராகிக் களிக்குத் துணையாக அனுப்பினோம். சத்தம் பாதியாகக் குறைந்தது. குழம்பில் எங்களுக்கும் ஒரு தூக்கு வந்தது. அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டாம், எங்கள் பையன் இதைப் படிப்பான்.

முட்டை விஷயம் சுருக்கமாக. கிரிராஜாக்கள் ஆறாவது மாதத்திலிருந்து தாராளமாகவே இட்டன, ஆனால் இட்ட முட்டையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடை உட்காரும் குணம் மனிதர்கள் பார்த்துப் பார்த்துக் கழித்துவிட்ட குணம். நாமக்கல் பண்ணைக் கோழி வருஷத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடுவதே அது தாயாக ஆசைப்படாததால்தான். அசல் ஊர்க்கோழி வருஷத்துக்கு 60, 80 முட்டையோடு நிறுத்திக்கொண்டு, பாக்கி நாளில் குடும்பம் நடத்தும்.

அப்படித்தான் செவலை ஒருநாள் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து, கை நீட்டியவர்களை எல்லாம் கொத்தியது. அவ்வா வந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. “இதான் கோழி” என்றார். மற்ற ஏழையும் அவர் இன்றுவரை பட்சி என்றுதான் நினைக்கிறார் போல.

கூடையில் வைக்கோல் போட்டு, எங்கள் முட்டை, அவர் வீட்டு முட்டை எல்லாம் கலந்து அடை வைத்தார். கரித்துண்டு ஒன்று, காய்ந்த மிளகாய் ஒன்று, இடி இடித்தால் கரு கலங்காமலிருக்க இரும்பு ஒன்று. இரும்புக்கு வீட்டுக்காரர் கம்பெனியில் கழித்துப் போட்ட பளபள போல்ட் ஒன்றைக் கொடுத்தார். அவ்வா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது எவர்சில்வரு. துரு புடிக்கிற இரும்பா கொண்டா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். குவாலிட்டியில் அவருடைய சரக்கு ரிஜெக்ட் ஆனது அதுதான் முதல் தடவை.

ஒரு வாரம் கழித்து ராத்திரி செல்போன் டார்ச்சில் முட்டையை வைத்துப் பார்த்தோம். நடுவில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து நாலா பக்கமும் ஓடுகிற மெல்லிய ரத்தக் கோடுகள். 21-ஆம் நாள் பொரிந்தது. ஒன்றுக்கு மொட்டைக் கழுத்து, ஒன்று கிரிராஜா நிறம், பாதிக்கு மேல் மஞ்சள் கால்.

இந்த மஞ்சளில் ஒரு கதை இருக்கிறது. உலகத்துக் கோழி எல்லாம் சிவப்புக் காட்டுக்கோழியின் வாரிசு என்றுதான் டார்வின் காலத்திலிருந்து சொல்லிவந்தார்கள். 2008-ல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் மரபணுவைத் துருவிப் பார்த்தபோது, மஞ்சள் தோலுக்கான மரபணு மட்டும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருப்பது தெரிந்தது. சாம்பல் காட்டுக்கோழி நம் தீபகற்பத்துப் பறவை. தேன்கனிக்கோட்டை மலைக்காட்டில் இன்றைக்கும் சருகு கிளறிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் கால் உள்ள ஹெப்பாள் கோழியும் நாமக்கல் வெள்ளைக் கோழியும் ஏன், பொட்டலத்தில் வருகிற பிராய்லரும்கூட இந்தக் காட்டுக்கு ஏதோ ஒரு வழியில் உறவு. அப்படிப் பார்த்தால் நாட்டு பிராய்லர்க்காரரை நான் முழுவதும் கேட்டிருக்க வேண்டும்.

குஞ்சுகளுக்கு இப்போதே கிராக்கி. பக்கத்து போர்ஷன் ஒடிசாக்காரப் பெண் மொட்டைக் கழுத்தை முன்பதிவு செய்துவிட்டாள். நேற்று எதிர்வீட்டு அண்ணன், சி ஷிப்ட் முடித்த கண்ணோடு, கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்.

“எனக்கும் ஒண்ணு தாயேன் தங்கச்சி. ஆனா பொட்டையா இருக்கணும்.”

“இந்த வயசுல தெரியாதுண்ணே. ஜப்பான்காரன் குஞ்சோட பின்பக்கத்தைப் பிதுக்கிப் பார்த்தே சொல்லிடுவானாம். நமக்கு அந்தக் கைப்பழக்கம் இல்லை.”

கொஞ்ச நேரம் யோசித்தார்.

“மத்திகிரி காலேஜ்ல இதுக்கு ஈவினிங் பேட்ச் ஏதாவது இருக்குமா?”