கொஞ்சந்தான் ஆசாமி

இங்கிலீஷ்காரர்கள் சொல்லும் 'கொஞ்சம்' எத்தனை பெரியது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வீட்டுக்கூரை பறக்கிற மாதிரிக் காற்றடித்தால் "கொஞ்சம் காற்று" என்பார்கள். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடப்பவரை விசாரித்தால் "கொஞ்சம் அசௌகரியம்" என்பார். இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். காட்டுவழி ஓடுகிற ஆசாமி ஒருவர் உங்களிடம் "கொஞ்சம் ஏற்ற இறக்கம்" என்று சொன்னால் மட்டும் அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்விடுங்கள்.

மகள் குடியிருப்பது லண்டனுக்கு வடமேற்கே, சில்டர்ன் குன்றுகளின் அடிவாரத்தில், வென்டோவர் பக்கத்துக் கிராமம். ஒரு தேவாலயம், ஒரு பப், ஒரு சிவப்புத் தபால்பெட்டி. கறிவேப்பிலை வேண்டுமென்றால் கார் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஓட்டக்காரர் வேண்டுமென்றால் ஜன்னலைத் திறந்தால் போதும்.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் அந்த ஜாதியில் முதல் தரம். அறுபதைத் தாண்டியவர். உடம்பு முருங்கைக்காய், கெண்டைக்கால் மட்டும் உரித்த தேங்காய். ஜனவரிக் குளிரில் கம்பளிக் குல்லா, கையுறை எல்லாம் உண்டு, ஆனால் அரைக்கால் சட்டை. மேலே மார்கழி, கீழே சித்திரை. மணிக்கட்டில் கடிகாரம். அது 9.8 கிலோமீட்டர் என்று காட்டினால் மனிதர் வீட்டுக்குள் நுழையமாட்டார். பத்து ஆகும்வரை தபால்பெட்டியைப் பிரதட்சணம் செய்வார்.

இவரை வேகப்பிரியர் என்று நினைத்துவிடக் கூடாது. பதின்மூன்று பேரோடு 2004-ல் லண்டன் புஷி பார்க்கில் ஆரம்பித்து இப்போது உலகமெல்லாம் நடக்கிற சனிக்கிழமை 'பார்க்ரன்'னைப் பற்றிக் கேட்டால், "நல்ல விஷயம்தான், ஆனால் எல்லோருக்கும் ஒரே வழி" என்று உதட்டைப் பிதுக்குவார். அவருக்கு வேண்டியது வழி. தனக்கு மட்டும் தெரிந்த வழி. அதைவிட முக்கியம், அதைச் சொல்லிக் கேட்க ஓர் ஆள்.

நான் ஒரு வாரமாகத் தார்ச்சாலை ஓரமாக மெதுவோட்டம் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். வீட்டில் சாம்பார் கொதிக்கும்போது ஓட்டலில் பார்சல் வாங்குகிறவனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. "சாலையிலா?" என்றார். அன்று சாயங்காலமே ஆரஞ்சு அட்டை போட்ட வரைபடத்தோடு வந்துவிட்டார். ஆர்டனன்ஸ் சர்வே, எக்ஸ்ப்ளோரர் 181. மடிப்புகளில் செலோடேப். மேசைமேல் விரித்தார், இடது கையால் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார், வலது ஆள்காட்டி விரலால் வழி சொல்ல ஆரம்பித்தார்.

"1990 ஜனவரிப் புயலில் விழுந்ததே, அந்த பீச் மரத்தடியில் இடதுபக்கம் திரும்புங்கள்."

"விழுந்துவிட்டதே, எப்படித் திரும்புவது?"

"எல்லோருக்கும் தெரியுமே! அப்புறம், பழைய பப் எதிரே படி ஏறுங்கள். இப்போது அது வீடாகிவிட்டது."

எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. 'டூரிங் டாக்கீஸ் ஸ்டாப்' என்று கேட்டு இறங்கினால் அங்கே கல்யாண மண்டபம் நிற்கும். இல்லாததை வைத்து இருப்பதைக் காட்டுவதில் நாம்தான் கெட்டிக்காரர்கள் என்று நினைத்திருந்தேன். இருக்கிற பப்பையும் அவர் விடவில்லை. கேட்ஸ்டனில் ஒன்று, 2015 அக்டோபரில் பிரதமர் டேவிட் கேமரூன் சீன அதிபர் ஷி ஜின்பிங்கைக் கூட்டிவந்து பீர் வாங்கிக் கொடுத்த இடம். "அங்கிருந்து வீட்டுக்கு இறக்கம்தான்" என்றார். ஷி ஜின்பிங் காரில் போனார் என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"எவ்வளவு தூரம்?"

"ஐந்து மைல் இருக்கும். கொஞ்சம் ஏற்ற இறக்கம்."

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். முதல் கால் மணி நேரம் சொர்க்கம்தான். அந்த நாட்டில் பொதுப்பாதை என்பது பெரிய சங்கதி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து 2,20,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறதாம். யாருடைய கோதுமை வயலானாலும் நடுவே புகுந்து போகலாம். விவசாயி பாதைமேல் ஏர் ஓட்டினால் பதினான்கு நாளில் மறுபடி சரிசெய்து கொடுக்க வேண்டும். ஒன்றரை அடி வரப்புக்காக மூன்று தலைமுறையாகக் கோர்ட்டுக்கு அலைகிற என் பெரியப்பா வீட்டாரை நினைத்துக்கொண்டேன். மஞ்சள் அம்பு போட்டிருந்தால் நடப்பவர்களுக்கு, நீல அம்பு என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. வேலி வந்தால் தாண்டுவதற்கு மரப்படி கட்டியிருக்கிறார்கள். அதன் பெயர் ஸ்டைல். நான் அதைத் தாண்டியதில் அது ஒன்றுதான் இல்லை.

மூன்றாவது ஸ்டைலைத் தாண்டி இறங்கினால் எதிரே காளை.

நான் படியிலேயே நின்றுவிட்டேன். அவர் நிதானமாகச் சட்டம் சொன்னார்: "1981-ஆம் வருஷச் சட்டப்படி, பத்து மாதத்துக்கு மேற்பட்ட பால் இனக் காளையைப் பொதுப்பாதை போகிற வயலில் விடக் கூடாது. மற்ற இனமாக இருந்தால், கூடவே பசுக்கள் இருந்தால் விடலாம். இதோ பசுக்கள் இருக்கின்றன பாருங்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது."

"இது என்ன இனம்?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "பால் இனம் மாதிரிதான் தெரிகிறது. கொஞ்சம் சட்டவிரோதம்."

ஜல்லிக்கட்டு ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான் என்று மகள் அவரிடம் எப்போதோ பெருமையடித்திருக்கிறாள். அதனால் என்னை முன்னால் போகச் சொன்னார். போனேன். காளை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி புல்லை மேய்ந்தது. ஓடியவரையில் அன்று நான் சாதித்த அதிகபட்ச வேகம் அந்த நூறு மீட்டர்தான் என்று என் கடிகாரம் பிற்பாடு காட்டியது.

அதற்கப்புறம் கூம்ப் ஹில். உயரம் 260 மீட்டர். கொடைக்கானல்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அது மலையாக இல்லை, சுவராக இருந்தது. சுண்ணாம்புக் குன்று, மேலே சக்கிமுக்கிக் கல் கலந்த களிமண், அதன்மேல் முதல்நாள் மழை. இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கல். பாதி வழியில் மூச்சு வாங்க நின்று, கைப்பேசியில் அதே வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். உயரம் காட்டும் கோடுகள் ஐந்து மீட்டருக்கு ஒன்று. ஊர்ப்பக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தவை, நான் நிற்கிற இடத்தில் பட்டுப்புடவைக் கரை மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. இவ்வளவு அடர்த்தியை அன்று சாயங்காலம் நான் எப்படிப் பார்க்காமல் விட்டேன்? மெல்ல ஞாபகம் வந்தது. வரைபடத்தின் ஓரத்தை அழுத்திப் பிடித்திருந்தாரே, இடது கை. அதன் கட்டைவிரல் இருந்தது சரியாக இந்த இடத்தில்தான்.

உச்சியில் போயர் யுத்தத்தில் மாண்ட பக்கிங்காம்ஷயர் வீரர்களுக்காக 1904-ல் எழுப்பிய நினைவுத்தூண் இருக்கிறது. "1938-ல் இடி விழுந்து கொஞ்சம் சேதமாகிவிட்டது" என்றார். அது ஏறக்குறைய முழுசாக நொறுங்கி, திரும்பக் கட்டினது என்பதைப் பிறகு மகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். நான் புல்லில் மல்லாந்துவிட்டேன். தலைக்கு மேல் நாலைந்து செம்பருந்துகள் வட்டமிட்டன. 1989 முதல் ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து விட்டுப் பெருக்கிய பறவைகளாம். "பயப்படாதீர்கள், பெரும்பாலும் செத்ததைத்தான் தின்னும்" என்றார். என் விஷயத்தில் அவை இன்னும் முடிவுக்கு வரவில்லை என்று தோன்றியது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு பீச் காட்டுக்குள் நுழைந்தோம். மனிதர் கடிகாரத்தை நிறுத்திவிட்டார். கம்பம் கம்பமாகச் சாம்பல் நிற மரங்கள், தரையெல்லாம் போன வருஷத்துச் சருகு, காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. இந்தக் காட்டுக்குள்ளேயே உட்கார்ந்து நாற்காலிக் கால் கடைந்து ஹை விக்கம் ஊருக்கு அனுப்பிய கடைசல்காரர்களைப் பற்றி, சொந்தத் தாத்தாவைச் சொல்வதுபோலச் சொன்னார். "ஏப்ரல் கடைசியில் வாருங்கள், தரை முழுக்க நீலம்" என்றார், புளூபெல் பூக்களை. அந்த ஐந்து நிமிஷத்தில் ஒரு 'கொஞ்சம்' கூட வரவில்லை.

காட்டைவிட்டு வெளியே வந்தால், நாங்கள் போன ரிட்ஜ்வே என்ற நடைபாதை செக்கர்ஸ் மாளிகையின் வண்டிப்பாதையைக் குறுக்கே கடக்கிறது. 1921 முதல் பிரதமர்களின் கிராமத்து வீடு அது. காமிராக்கள் எல்லாப் பக்கமும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நான் அங்கே கடந்து போனதும் பதிவாகியிருக்கும். ஓட்டம் என்று எந்த அதிகாரியும் ஒத்துக்கொள்ளமாட்டார்.

ஐந்து மைல் என்றால் எட்டுக் கிலோமீட்டர். வீடு சேரும்போது பன்னிரண்டரை. "மிச்சம் கொஞ்சந்தானே" என்றார். வாசலில் கழற்றிய என் காலணி ஒன்றை மகளின் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். கடையில் வாங்கியபோது 290 கிராம், இப்போது 740. தராசை மகள் மூன்று முறை கழுவினாள். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

நேற்று மறுபடி வந்திருந்தார். இந்த ஞாயிறு சமதரைதானாம், கால்வாய் ஓரமாம். வரைபடத்தை விரித்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முதல் வேலையாக இரண்டு கட்டைவிரலையும் எடுக்கச் சொன்னேன்.