ஒற்றைப் பல்

புத்தக அலமாரி ஒன்று செய்து தருவதாக மனைவியிடம் வாய் விட்டது போன வருஷப் பொங்கலன்று. மே மாதம் வந்தபோது என் கையில் இருந்தவை நாலு தேக்குப் பலகையும் ஒன்பது எலன் கீயும்தான். நடுவில் என்ன நடந்தது என்பது எதிர்வீட்டுக்காரர் வழியாக எப்படியும் உங்கள் காதுக்கு வந்துவிடும். நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் கௌரவம்.

அலமாரித் தட்டை ஆணியடித்து நிறுத்துவது எனக்குக் கேவலமாகப் பட்டது. கேவலம் எதுவென்று தெரிந்துகொள்ளாத வயதில்லை, ஐம்பத்தாறு. பக்கப் பலகையில் குறுக்கே காடி எடுத்து அதற்குள் தட்டைச் சொருக வேண்டும், அதுதான் தச்சு. 18 மில்லிமீட்டர் கனமுள்ள பலகைக்கு 6 மில்லிமீட்டர் ஆழம் போதும். இரண்டு ஓரத்தையும் ரம்பத்தால் அறுத்துவிட்டு நடுவில் இருப்பதை உளியால் கொத்தி எடுத்தேன். பிறகு காடியின் அடியைத் தடவிப் பார்த்தேன். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய எங்கள் தெருவைத் தடவியது போலவே இருந்தது. தட்டைச் சொருகினால் ஒரு பக்கம் முட்டிக்கொண்டு நிற்கிறது. மறுபக்கம் எறும்பு குடும்பத்தோடு போய்வரலாம்.

தாழ்ப்பாள் மாற்ற வந்த ஆசாரியிடம் காட்டினேன். அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார்.

"இதுக்கு மெஷின் இருக்கு சார். ரெண்டு நிமிஷம்."

"மெஷின் இல்லாத காலத்துல என்ன பண்ணாங்க?"

"எங்கப்பாவுக்குக் கண்ணு இருந்துச்சு."

எனக்கும் இருக்கிறது. மைனஸ் நாலு.

கண் இல்லாதவனுக்கென்றே ஒரு கருவி உண்டு என்று அப்புறம் தெரிந்தது. ரவுட்டர் இழைப்புளி. வாய்க்காலின் இரண்டு கரையிலும் காலை அகட்டி வைத்துக்கொண்டு மண்வெட்டியை உள்ளே விடுகிறோமே, அந்தக் கதைதான். கட்டை காடியின் இரு கரையிலும் உட்கார்ந்திருக்கும். அதன் வயிற்றிலிருந்து ஒரு சின்ன வெட்டுப்பல் தொங்கும். பல்லை மயிரிழை மயிரிழையாக இறக்கித் தள்ளிக்கொண்டே போனால், பல் எட்டும் ஆழத்துக்குமேல் போக முடியாது, குறையவும் விடாது. அடி தானாகச் சமமாகும். அமெரிக்காவில் ஸ்டேன்லி கம்பெனி 1880களிலேயே இதை இரும்பில் வார்த்து, 71 என்று எண் போட்டு விற்றது. அதற்கு முன்பு மரக்கட்டைதான். ஒரே ஒரு இரும்பு செங்குத்தாகத் துருத்திக்கொண்டு நிற்பதால் இங்கிலாந்துத் தச்சர்கள் அதற்கு வைத்த பெயர் 'கிழவியின் பல்.'

இதை நான் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகச் சொன்னதுதான் பிசகு. என் அம்மாவுக்கு 86 வயது. கீழ்வரிசையில் ஒரு பல் பாக்கி. அதை வைத்துக்கொண்டு முறுக்கு சாப்பிடுகிறவர்.

"யாருடா கிழவி?" என்றார்.

புதிதாக வாங்க ஆன்லைனில் விலை பார்த்தேன். அந்தப் பணத்துக்கு நல்ல அலமாரியே வந்து இறங்கும், கூட இரண்டு நாற்காலியும். சரி, செய்துவிடுவோம் என்று கிளம்பினேன். என் மகள் தன் ஆபீசில், "அப்பா வீட்லயே ரவுட்டர் செய்றாரு" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். யாரோ ரேஞ்ச் எவ்வளவு என்று கேட்டார்களாம். "6 மில்லிமீட்டர்னு சொல்லும்மா" என்றேன்.

பால் செல்லர்ஸ் என்ற இங்கிலாந்துத் தச்சர் ஒரு கட்டையில் சாய்வாகத் துளை போட்டு, உளியைச் சொருகி, இதையே ரவுட்டராக்கிக் காட்டுகிறார். அவர் செய்யும்போது வெண்ணெயாக இருந்தது. நான் போட்ட துளையில் உளி கல்யாண வீட்டில் பந்திக்கு முந்துகிறவர் மாதிரி முன்னால் முன்னால் நகர்ந்தது. அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிடலாம்.

அடுத்த வழி எலன் கீ. எல் வடிவில் வளைந்த அறுகோணக் கம்பி. நீளக் கால் மேலே நிற்கும், குட்டைக் கால்தான் பல். கடையில் போய், "எட்டு எம்.எம். ஒண்ணு மட்டும் குடுங்க" என்றேன். "செட்டாத்தான் வரும்" என்றார். ஒன்பது வாங்கினேன். மீதி எட்டும் இன்றைக்கு வரை எங்கள் வீட்டில் எந்தத் திருகிலும் பொருந்தவில்லை.

உடம்புக்கட்டைக்குக் கெட்டியான, வளையாத, ஒரு முகம் மட்டமான மரம் வேண்டும். வீடு முழுக்கத் தேடினேன். ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் மனைவி அப்போது சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் தங்கை வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை அதன் மூன்று கால்களையும் அறுத்தேன், நடுவில் துளையிட்டேன், எலன் கீயை ஐ போல்ட்டின் வளையத்துக்குள் விட்டுப் பின்னாலிருந்து விங் நட்டு போட்டு இறுக்கினேன். பிடித்துத் தள்ளக் குமிழ் வேண்டுமே, பீரோ இழுப்பறையிலிருந்து இரண்டைக் கழற்றிக்கொண்டேன். அதற்குள் ரேஷன் கார்டு இருந்தது. இருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

இனி பல்லைத் தீட்டுவதுதான் பாக்கி என்று அரத்தை வைத்தால் அது வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. எலன் கீ ஏற்கெனவே பதம் ஏற்றிய எஃகு. முதலில் பழுக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிட்டு இளக்க வேண்டும். வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு மறுபடி காய்ச்சி, எண்ணெயில் தோய்த்துக் கெட்டியாக்க வேண்டும். மே மாதத் திருச்சி வெயிலில், மொட்டை மாடியில், இரும்புச் சட்டியில் கரி போட்டு, மகளின் ஹேர் டிரையரைத் துருத்தியாக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, மூடி, மனைவியோடு வந்து திறந்தார்.

இரும்பு ஏறத்தாழ 770 டிகிரியில் காந்தத்தை உதறிவிடும். ஒட்டாமல் போனால் தோய்க்கும் நேரம் நெருங்கிவிட்டது என்று கணக்கு. காந்தத்துக்கு எங்கே போவது? ஃபிரிட்ஜ் கதவில் ஊட்டி ரயில் பொம்மை ஒட்டிக்கொண்டிருந்தது, கல்யாணமான புதிதில் வாங்கியது. கொண்டுபோய்ப் பழுத்த கம்பியில் வைத்தேன். காந்தம் ஒட்டவில்லை. ரயில் ஒட்டிக்கொண்டது.

தோய்த்தது போன வாரம் வடை சுட்ட எண்ணெயில். கிளம்பிய வாசனைக்குக் கீழ்வீட்டுப் பையன் தட்டோடு வந்துவிட்டான். தோய்த்த எஃகு கண்ணாடி போல உடையும் என்பதால், தேய்த்துப் பளபளப்பாக்கித் திரும்ப இளஞ்சூடு காட்ட வேண்டும், வைக்கோல் நிறம் வருகிற வரைக்கும். 230 டிகிரி பக்கம். அதைத் தோசைக்கல்லில் வைத்துச் செய்தேன். வேலை முழுதிலும் நான் சரியாகச் செய்தது இது ஒன்றுதான். இதற்குத்தான் அதிகம் திட்டு வாங்கினேன்.

ஆக, எல்லாம் பூட்டி, கூடத்தில் பலகையை வைத்துத் தள்ளினேன். ஒரு சீவல் வரவில்லை. பல்லை இறக்கினேன். கட்டை தூக்கிக்கொண்டு ஆடியது. மறுபடி தீட்டினேன். முன்கையில் வைத்தால் மயிரை மழிக்கிறது, மரத்தில் வைத்தால் வழுக்குகிறது. இரண்டு மணி நேரம். பனியன் பிழிகிற பதத்துக்கு வந்தது. அம்மா முறுக்கை வாயில் அதக்கிக்கொண்டு இதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதைத் திருப்பிக் காட்டுடா."

காட்டினேன்.

"பல்லு எங்க படுது? ஈறுல்ல படுது" என்றார்.

குனிந்து பார்த்தேன். பல்லின் அடிப்பக்கம் கூர்முனையிலிருந்து பின்னால் போகப் போகக் கொஞ்சம் மேலேற வேண்டும், அப்போதுதான் கூர் முதலில் மரத்தைத் தொடும். நான் தலைகீழாகத் தீட்டியிருந்தேன். பின்பக்கம்தான் மரத்தில் உரசிக்கொண்டிருந்தது, கூர் அந்தரத்தில் சும்மா. நாலு புத்தகம், பதினொரு வீடியோ பார்த்தவனுக்குத் தெரியாதது, ஒற்றைப் பல்லில் பதினைந்து வருஷம் குடித்தனம் நடத்துகிறவருக்குத் தெரிந்திருக்கிறது. "ஈறு முன்னாடி பட்டா முறுக்கு எப்படிடா உடையும்?" என்று இன்னொரு துண்டை உடைத்துக் காட்டினார், எனக்குப் புரியாதோ என்று.

சாய்வை மாற்றித் தீட்டினேன். தள்ளினேன். கிர்ர்ர் என்று ஒரு சத்தம், தேங்காய்ப் பூப்போல ஒரு சுருள். அதைப் போல ஒன்றை நான் ஆயுளில் பார்த்ததில்லை. அன்று ராத்திரி பத்து மணி வரை தள்ளினேன். ஆறு காடியும் அடி கண்ணாடி மாதிரி. எங்கே அளந்தாலும் 6. மகளை எழுப்பி அளக்கச் சொன்னேன். தூக்கத்தில் அவளும் 6 என்றாள், விட்டால் போதும் என்று.

மறுநாள் தட்டுகளைச் சொருகினேன். மூன்றும் உறைக்குள் கத்தி போல இறங்கின. ஓர் இடுக்கு இல்லை. நிமிர்த்தி வைத்துத் தள்ளி நின்று பார்த்தேன். எனக்கு லேசாகத் தலை சாய்ந்தது. வெயிலில் உட்கார்ந்த களைப்பு என்று நினைத்தேன்.

இரண்டு பக்கப் பலகையையும் ஒட்டிப் படுக்கவைத்து, ஒரே கோடாக இழுத்துக் காடிக்குக் குறி போட வேண்டும் என்பது தச்சில் அரிச்சுவடி. நான் இடது பலகையை மேலிருந்து அளந்திருக்கிறேன், வலது பலகையைக் கீழிருந்து. இரண்டுக்கும் நீளத்தில் 12 மில்லிமீட்டர் வித்தியாசம்.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சமையலறைக்குப் போனாள். பலகையைப் பறிகொடுத்துவிட்டு ஒரு வாரமாகச் சும்மா கிடந்த பூரிக்கட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். நடுத்தட்டில் இடது ஓரமாக மெல்ல வைத்துக் கையை எடுத்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது கொஞ்சம் யோசித்தது. பிறகு நிதானமாக உருண்டு, வலது பக்கப் பலகையில் போய் 'டொக்' என்று முட்டி நின்றது.

"வழவழன்னு இழைச்சிருக்கான்" என்றார் அம்மா.