நீங்க எந்தச் சண்டையில இருக்கீங்க?

ஏ தாயி, அந்தப் போனைச் செத்த கீழ வையி. சோறு ஆறுது.

ஒரு வாரமா நானும் காதுல வாங்கிக்கிட்டுத்தான் இருக்கேன். "நாங்க இன்னும் ப்யூரிட்டன்களோடயே மாரடிக்கிறோம், நீங்க எந்தச் சண்டையில இருக்கீங்க?"ன்னு நீ கேக்குற. ஜார்ஜியாவுல இருக்கிற உன் சிநேகிதி, ஜாக்சனையே முடிச்சாச்சுங்கிறா. கலிஃபோர்னியாப் பய ஒருத்தன், எங்க சார் 1754-ஐத் தாண்ட மாட்டேங்கிறார்னு அழுவுறான். உங்கப்பன் மெட்ராஸ்லருந்து பஸ் ஏறி வந்த காலத்துல இப்பிடித்தான், மணப்பாறை தாண்டியாச்சு, அய்யலூர் வந்தாச்சுன்னு ஊருக்கு ஊரு போன் போடுவான். மணப்பாறையில முறுக்கு வாங்குனியாடான்னா, "கண்டக்டர் கத்துனதுதாம்ப்பா கேட்டுச்சு, கண்ணைத் தொறக்கல"ம்பான்.

இந்த வயசுலயே காலேஜுப் பாடம் படிக்கிறீங்க. பேரு ஏ.பி. அமெரிக்கச் சரித்திரம். 1491-லருந்து இன்னிக்கு வரைக்கும் ஒம்பது காலமா வெட்டி வச்சிருக்கு காலேஜ் போர்டு. மே மாசம் அமெரிக்கா பூராவும் ஒரே நாள்ல பரீட்சை. அது சரி, ஏன் 1491? கொலம்பஸ் வந்து எறங்குறதுக்கு மொத வருசம் அது. அவன் வர்றதுக்கு முந்தியே இங்க சனம் இருந்துச்சு, வெள்ளாமை நடந்துச்சுன்னு சொல்றதுக்காக. அதை நிதானமாச் சொல்லிக் குடுத்த உன் வாத்தியாரம்மாவைத்தான் நீ நத்தைங்கிற.

ஜார்ஜியாவுல ஆகஸ்ட் பொறந்ததும் பள்ளிக்கூடம் தொறந்துடுறாங்க. நியூஜெர்சியில தொழிலாளர் தினம் கழிச்சு, செப்டம்பர்லதான் உனக்கு மணியடிக்கிறாங்க. அவ ஒரு மாசம் முன்னால ஏர் பூட்டுனவ, அவ கொல்லையில பயிரு ஒரு சாண் ஒசந்து நிக்கத்தான் செய்யும். ஆனா பாரு, ஆகஸ்டுல படிச்சதை மே வரைக்கும் அவ கெட்டுப்போகாம வச்சிருக்கணும். சரித்திரம் என்ன நார்த்தங்கா ஊறுகாயா?

உன் பக்கமும் ஒரு ஞாயம் இருக்கு, இல்லைங்கல. மொதக் காலத்துக்கு மொத்தத்துல நூத்துக்கு 4-லருந்து 6 வரைக்கும்தான் மதிப்பாம். நடுவுல இருக்கிற ஆறு காலத்துக்கும் தலைக்கு 10-லருந்து 17 வரை. அந்த மொதக் காலத்துலயே ஒருத்தர் மாசக்கணக்கா உக்காந்தா, பந்தியில உப்பும் ஊறுகாயும் வைக்கவே அரை மணி நேரம் எடுத்துக்கிட்ட கதைதான். சோறு வர்றதுக்குள்ள முகூர்த்தம் முடிஞ்சு பொண்ணு மாப்பிள்ளை கெளம்பிடுவாங்க.

எனக்கு இங்க வந்ததுலருந்து ராத்திரித் தூக்கம் இல்லை. அதான் தலையணை ஒசரத்துல கெடக்குற உன் புத்தகத்தை எடுத்துக்கிட்டேன். போனைக் காட்டுனாத் தமிழ்ல சொல்லுதே அது. நான் இப்ப 1869-ல இருக்கேன். ஆமா, உன் ஜார்ஜியாக்காரிக்கும் முன்னால.

அந்த வருசத்துல ஒரு கூத்து. ஒமாகாவுலருந்து மேற்க ஒரு கம்பெனி, சாக்ரமென்டோவுலருந்து கெழக்க ஒரு கம்பெனி, எதிரெதிரத் தண்டவாளம் போட்டுக்கிட்டு வர்றாங்க. கெழக்க வர்ற கம்பெனிக்கு மலையைக் கொடைஞ்சதெல்லாம் பெரும்பாலும் சீனத்து ஆளுங்க. சர்க்கார் கடன் குடுத்தது மைல் கணக்குக்கு. சமவெளின்னா மைலுக்கு 16,000 டாலர், மலைன்னா 48,000. எங்க வந்து சேரணும்னு மட்டும் சட்டத்துல எழுதல. பெறகு என்ன? யூட்டாவுல கரை போடுற ரெண்டு கூட்டமும் நேருக்கு நேர் பாத்துக்கிட்டுது. நின்னுச்சுங்கிறியா? ஒருத்தனை ஒருத்தன் தாண்டிப் பக்கத்துப் பக்கத்துலயே ரெண்டு கரை கொட்டிக்கிட்டு, 200 மைலுக்கு மேல போனாய்ங்க. நாடாளுமன்றம் நடுவுல பூந்து ப்ராமன்டரின்னு ஒரு எடத்தைச் சொன்ன பெறகுதான், மே 10-ஆம் தேதி ரெண்டு தண்டவாளமும் ஒட்டுச்சு.

அளவுக்குக் காசுன்னா இப்பிடித்தான். நிலக்கடலைக் கொல்லையில களைவெட்டக் காண்ட்ராக்ட் விட்டுப் பாத்தவன் நான். பொழுது சாயுறதுக்குள்ள ரெண்டு ஏக்கர் முடிச்சுட்டேன்னு கூலி வாங்கிட்டுப் போவாங்க. மறுவாரம் ஒரு மழை. வேரோட விட்டுப்போன கோரை அத்தனையும் தலையைத் தூக்கி, வாங்க மொதலாளிங்கும். உங்க ஆளுங்க எத்தனை பேரு அதிகாரத்தை வெட்டியிருக்காங்க, எத்தனை பேரு மேலாக்கச் செரைச்சிருக்காங்கன்னு மே மாசப் பரீட்சைங்கிற மழைக்குத் தெரிஞ்சிரும். (ஆழ உழுங்கிற பழமொழியை நான் சொல்லப்போறதில்ல. ஏழு கெழவன் சொல்லிச் சொல்லி அதுவே தேஞ்சுபோச்சு.)

வேகமாப் போகணும்னு ஒல்லியா ஒரு சுருக்கப் புத்தகம் ஒளிச்சு வச்சிருக்கியே, தெரியும். 1846-ல டோனர் குடும்பமும் இப்பிடித்தான் கலிஃபோர்னியாவுக்குக் குறுக்கு வழி இருக்குன்னு ஒருத்தன் சொன்னதை நம்பி வண்டியைத் திருப்புனாங்க. அந்தக் குறுக்கு வழியில சியரா நெவாடாவுக்கு வந்து சேந்தப்ப பனி விழுந்துருச்சு. 80 பேருக்கு மேல இருந்த கூட்டத்துல பாதிப்பேரு கிட்டப் போய்ச் சேரல. பொழச்சவங்க என்னத்தைத் தின்னு பொழச்சாங்கன்னு சாப்பாட்டு நேரத்துல நான் சொல்ல மாட்டேன்.

அந்தப் பரீட்சையில எனக்குப் புடிச்சது ஒண்ணு உண்டு. ஏழு காயிதத்தைக் கையில குடுத்து, ஒரு மணி நேரத்துல வழக்கு நிக்கிற மாதிரி எழுதுங்கிறாங்களாமே? நூத்துக்கு 25 அதுக்கே. வரப்புத் தகராறுல நான் தாலுகா ஆபீசுக்குத் தூக்கிட்டு அலைஞ்சதும் ஏழு காயிதம்தான் தாயி. பட்டா, சிட்டா, கிரயப் பத்திரம், வில்லங்கம்னு. யாரு எழுதுனது, எப்ப எழுதுனது, எழுதுனவனுக்கு அதுல என்ன ஆதாயம்னு பாக்காம ஒண்ணை நம்பி, முக்கால் ஏக்கர் போச்சு. அந்த வித்தை எத்தனாவது யூனிட்டுல வருதுன்னு உன் கூட்டாளிங்களைக் கேளு.

இன்னொண்ணும் கேளு. 1781-ல யார்க்டவுன்ல வாஷிங்டன்கிட்டத் தோத்தானே கார்ன்வாலிஸ், உடம்பு சரியில்லைன்னு படுத்துக்கிட்டு வாளைக் குடுக்கக் கூட வேற ஆளை அனுப்புன மகராசன், அவன் பெறகு எங்க போனான்? உன் புத்தகம் அந்தப் பக்கத்தோட அவனைக் கை கழுவிருச்சு. சாரு 1786-ல இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலா வந்து எறங்குனாரு. திப்புவோட சண்டை போட்டு, 1792 ஒப்பந்தத்துல பாதி ராச்சியத்தை எழுதி வாங்குனாரு. அதுல நம்ம திண்டுக்கல்லும் ஒண்ணு. இங்க தோத்தவன் அங்க வந்து நம்ம மலைக்கோட்டையைக் கம்பெனிக் கணக்குல ஏத்திட்டான்.

கார்ன்வாலிஸ் கதையில ஜார்ஜியாக்காரி யார்க்டவுனோட நிக்கிறா. நீ 1792-க்கு வந்துட்ட. பதினோரு வருசம் முன்னால. எங்க, அந்தப் போனை எடு. அவ தூங்குறதுக்குள்ள சொல்லிரு.