ஐந்நூறு ரூபாய் சிநேகம்

போன வருஷம் என் பிறந்தநாளுக்கு பெங்களூரிலிருந்து மகள் ஒரு பார்சல் அனுப்பினாள். உள்ளே ஒரு வாசனை மெழுகுவர்த்தி, முகத்தில் பூசிக்கொள்ளக் கரிப் பசை, பாதத்துக்கு வழவழவென்று ஒரு ஜோடி சாக்ஸ். "அம்மா, உன்னையும் நீ கொஞ்சம் கவனிச்சுக்கணும். இதுக்குப் பேருதான் செல்ஃப் கேர்" என்று போனில் விளக்கமும் வந்தது. அன்று ராத்திரியே கரியைப் பூசிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். கணவர் ஒரு விநாடி பார்த்துவிட்டு, "மிக்ஸி வெடிச்சிடுச்சா?" என்றார். மெழுகுவர்த்தி அடுத்த வாரம் கரண்ட் போனபோது உதவியது.

இதைச் சொல்லிச் சிரிக்க ஆள் தேடியபோதுதான் உறைத்தது, பக்கத்தில் ஒருத்தியும் இல்லை.

சிநேகிதிகள் இல்லாமல் இல்லை. கல்லூரி நாளிலிருந்து இரண்டு பேர். ஒருத்தி அடையாறு, ஒருத்தி தி.நகர், நான் மயிலாப்பூர். ஆட்டோ ஏறினால் அரைமணியில் யார் வீட்டுக் காப்பியையும் யாரும் குடிக்கலாம். ஆனால் மூன்று பேரும் கடைசியாக ஒன்றாக நின்றது ஒரு கல்யாண ரிசப்ஷனில், அதுவும் போட்டோவுக்கு. மற்ற நாளெல்லாம் வாட்ஸ்அப்பில் காலை வணக்கம், கூடவே பனித்துளியோடு ஒரு ரோஜா. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் பார்க்காமலே நண்பர்களாக இருந்தார்கள் என்பார்கள். நாங்களும் அதே முறையில்தான் நடத்திக்கொண்டிருந்தோம், புலமை மட்டும் கிடையாது.

"எப்போ பார்க்கலாம்?" என்று கேட்டால் மூன்று பேரிடமும் ஒரே பதில்தான்: "மெட்ரோ வரட்டும்டி."

அதிலும் ஒரு நியாயம் இருந்தது. இரண்டாம் கட்ட மெட்ரோ மூன்று வழித்தடம், கிட்டத்தட்ட 119 கிலோமீட்டர். மாதவரத்திலிருந்து சிப்காட் போகும் தடம் அடையாறு வழி. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் தடம் பனகல் பார்க் வழி. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் திருமயிலை. எங்கள் மூன்று பேர் விலாசத்தையும் கையில் வைத்துக்கொண்டே பென்சில் பிடித்த மாதிரி இருக்கும். அதனால் காத்திருந்தோம். மயிலாப்பூர் லஸ்ஸில் தகரத் தடுப்பு எழும்பியது, வழி மாறியது, மாறிய வழியும் மாறியது. நட்பு ஆழமாக வேண்டிய நேரத்தில் ஸ்டேஷன் ஆழமாகிக்கொண்டிருந்தது.

கடைசியில் வழி சொன்னவள் வங்கியில் வேலை பார்க்கும் அடையாறுதான். "அன்புக்காக யாரும் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டாங்க. பணம்னா கிளம்புவாங்க. சீட்டு போடுவோம்" என்றாள்.

மாதம் ஆளுக்கு ஐந்நூறு. முதல் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் குலுக்கல். பெயர் விழுந்தவளுக்கு 1,500. ஜிபே கூடாது, நோட்டாக நேரில் தர வேண்டும். வராதவள் அடுத்த மாதம் மூன்று பேருக்கும் கீரை வடை வாங்கி வர வேண்டும். கணவர் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். "போட்ட பணமே மூணு மாசத்துல திரும்ப வருது. இதுல என்ன லாபம்?" என்றார். வடை என்றேன்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான். அந்தப் பூங்காவுக்குப் பேர் கொடுத்த காசிநாதுனி நாகேஸ்வர ராவ்தான் 1893-ல் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கியவர். தலைவலியோடு போவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் உண்டா?

முதல் மாதம் மாமியார்கள். இரண்டாம் மாதம் முழங்கால். மூன்றாம் மாதம், கரிப் பசைக் கதையைச் சொன்னேன். தி.நகர் சிரித்த சிரிப்பில் எட்டு நடை நடந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் எண்ணிக்கையை விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். அன்று ராத்திரி மாத்திரை இல்லாமல் தூங்கினேன்.

சீட்டு விஷயத்தை விட்டுவிட்டு, சிநேகிதிகளோடு சிரித்ததை மட்டும் மகளிடம் சொன்னபோது, ஹார்வர்டில் நட்பைப் பற்றி ஆராய்ச்சியே இருக்கிறது என்றாள். 1938-ல் தொடங்கி 80 வருஷத்துக்கு மேலாக நடக்கிறதாம். ஐம்பது வயதில் உறவும் நட்பும் நிறைவாக இருந்தவர்கள்தான் எண்பதில் திடமாக இருந்தார்களாம். கொலஸ்ட்ரால் கணக்கைவிட இது சரியாகச் சொன்னதாம். ஆரம்பத்தில் எடுத்துக்கொண்ட 724 பேரும் ஆண்கள். பெண்களைக் கேட்டிருந்தால் ஒரு சாயங்காலத்தில் முடிந்திருக்கும்.

எங்கள் ஊர்க்காரர் என்று நாங்கள் உரிமை கொண்டாடும் வள்ளுவரும் நட்புக்கு ஐந்து அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். அதில் 'பழைமை' ஒன்று. பழகிய சிநேகிதர் கேட்காமலே எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது சாரம். அடையாறு என் டிபன் பாக்ஸைத் திறந்து, "உப்பு கம்மி" என்று சொல்லிக்கொண்டே காலி பண்ணும்போது அந்த அதிகாரத்தை நினைத்துக்கொள்வேன்.

தீபாவளிக்கு முந்தின குலுக்கல் சனிக்கிழமை தி.நகரைக் காணோம். மழை வேறு தூறியது. பெஞ்சில் எங்கள் நடுவே என் கைப்பையை வைத்திருந்தோம். நடந்து களைத்த ஒரு அம்மாள், "இங்க யாராவது வராங்களா?" என்றார். "வருவா" என்றோம், இரண்டு பேரும் ஒரே குரலில். வடக்கிருந்த சோழன் பிசிராந்தையாருக்கு இடம் ஒதுக்கச் சொன்னான், அவரும் வந்து சேர்ந்தார் என்பது கதை. ஆறே முக்காலுக்கு இவளும் வந்தாள். ரங்கநாதன் தெரு அவள் புடவையை அரைப் பாகம் கசக்கியிருந்தது. ஈர முந்தானையில் முடிந்து வைத்திருந்த பத்து ஐம்பது ரூபாய் நோட்டை எண்ணிக் கொடுத்துவிட்டு, "வடை கிடையாது, லேட்தான், ஆப்சென்ட் இல்ல" என்று சட்டம் பேசினாள்.

அன்று ராத்திரி மகள் போன் செய்தாள். "செல்ஃப் கேர் எல்லாம் ஒழுங்கா பண்றியாம்மா?"

"பண்றேன். மாசம் ஐந்நூறு ரூபாய் ஆகுது."

"பரவாயில்லையே! எங்க? ஆன்லைன்ல கட்டலாமா?"

"ம்ஹும். நோட்டாத்தான் வாங்குவாங்க. நேர்ல போகணும்" என்றேன்.