பிரெட்போர்டு பெரியப்பா

பெரியப்பா வீட்டில் உட்காருமுன் நாற்காலியைத் தடவிப் பார்ப்பது நல்லது. வெட்டிப்போட்ட ரெசிஸ்டர் கால்கள் கிடக்கும், குத்தினால்தான் தெரியும். வங்கியிலோ ரயில்வேயிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றிருப்பார். அது பிழைப்பு. பிறவி எடுத்தது இந்த எலெக்ட்ரானிக்ஸுக்கு.

இப்போதைய திட்டம், மொட்டைமாடித் தொட்டி நிரம்பினால் மணி அடித்து, மோட்டாரும் தானாக நிற்க வேண்டும். கடையிலேயே ரெடிமேடாகக் கிடைக்குமே என்று மட்டும் வாய்விடாதீர்கள். 1971-இல் ஹான்ஸ் காமன்ஸிண்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 555 ஐசியை வடிவமைத்ததிலிருந்து ஆரம்பிப்பார். "ஒரு டைமர், ஒரு பிசி547, ஒரு ரிலே. ஒரு ஞாயித்துக்கிழமை வேலைடா!" எந்த ஞாயிறு என்று கேட்பது மரியாதை இல்லை.

சாமான் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் பட்டியலோடுதான் போவார். பட்டியலில் இருந்த ஒரு ரூபாய் டயோடை விட்டுவிட்டு, பட்டியலில் இல்லாத மூன்று மோட்டாரோடு திரும்புவார். "எதுக்காவது ஆகும்."

சர்க்யூட்டுக்கு உயிர் கொடுத்ததும் ரிலே 'டக்' என்று ஒருமுறை அடிக்க வேண்டும். அது 'டர்ர்ர்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். முதல் சந்தேகம், கடைக்காரர் டூப்ளிகேட் ஐசியைத் தலையில் கட்டிவிட்டார் என்பது. அடுத்தது தெரு வோல்டேஜ். மூன்றாவது, சமையலறை மிக்ஸி. அன்றைக்குச் சட்னி அம்மிக்குப் போகும். டியூப்லைட் வெளிச்சத்தில் பழுப்பு-கறுப்பு-சிவப்பா, பழுப்பு-கறுப்பு-ஆரஞ்சா என்று ரெசிஸ்டரைக் கண்ணருகே பிடிப்பார். ஒரு கிலோஓமுக்கும் பத்துக்கும் அந்த ஒரு வளையம்தான் வித்தியாசம். அளந்தே பார்க்கலாம் என்றால் மல்டிமீட்டரில் பேட்டரி செத்திருக்கும்.

பழுது பிடிபடாத அந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாண வீட்டுக் களை! சாப்பிடும்போது இலையில் ரசத்தைத் தொட்டு சர்க்யூட் வரைவார்.

கடைசியில் பிடித்துவிடுவார். ரிலே விடும்போது அதன் காயிலில் எழும் எதிர் வோல்டேஜ், 555-க்குக் கிறுக்குப் பிடிக்க வைக்கிறது. அதை அடக்கத்தான் அந்த ஒரு ரூபாய் டயோடு. மோட்டார் வாங்கிய நாளில் விட்டுப்போனது. அதைச் சேர்த்து, ஐந்தாம் காலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 0.01 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரும் போட்டதும் மணி ஒழுங்காக அடித்தது, மோட்டார் நின்றது. பெரியம்மா பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். பெரியப்பா மட்டும் பேப்பரை விரித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டார். ராசிபலன் வரை படித்தார். வீடே பயந்துவிட்டது.

நல்லவேளை, சில வாரங்களில் மணி நின்றுபோய்த் தொட்டி வழிந்தது.

"என்னங்க, தொட்டிக்குள்ள விட்ட கம்பியில ஒண்ணு பச்சை பூத்துக் கிடக்குது!"

"டிசி பாய்ஞ்சா தண்ணிக்குள்ள பாசிட்டிவ் கம்பி அரிக்கத்தான் செய்யும். ஏசி விட்டுப் பார்க்கணும்!" என்றபடி பேப்பரை எறிந்துவிட்டு, இரண்டிரண்டு படியாக மாடிக்கு ஓடினார், மூட்டுவலிக்காரர்.