ஒதுக்குப்புறம் சார்

ஜப்பானுக்குப் போகப்போகிறேன் என்று யாராவது சொன்னால், டோக்கியோவா கியோட்டோவா என்று கேட்பது உலக வழக்கம். ஒதுக்குப்புறம் சாரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். மொய் எவ்வளவு எழுதினீர்கள் என்று பந்தியில் உரக்கக் கேட்டதுபோல அவர் முகம் சுருங்கிவிடும். "அங்கெல்லாம் கும்பல் போகும் சார்" என்பார். கும்பல் என்பது அவரும் அவர் மனைவியும் நீங்கலாக மற்ற எல்லாரும்.

இப்படி ஒருவர் இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பு கிடையாது. பேங்கில் விருப்ப ஓய்வு வாங்கியவராக இருப்பார். போன வருஷத்து டைரியில் பென்சிலால் திட்டம் எழுதுவார், அழிக்க வசதியாக. ஊர் அழகாக இருக்கிறதா என்பது அவருக்குப் பொருட்டல்ல. அதன் பெயர் நமக்குத் தெரிந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். படிக்கட்டில் மறித்து, "இயா பள்ளத்தாக்கு கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்பார். இல்லையே என்று நாம் விழிக்கும்போதே அவருக்குப் பாதிச் சுற்றுலா முடிந்துவிடும்.

இயா, ஷிகோகு தீவின் மலைகளுக்கு நடுவே இருக்கிறது. அங்கே காட்டுக்கொடியால் பின்னிய தொங்குபாலம் உண்டு. 45 மீட்டர் நீளம், கீழே 14 மீட்டர் ஆழத்தில் ஆறு. கட்டைகளுக்கு இடையில் ஆள் பாதமே நுழையும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பிரித்துப் புதிதாகக் கட்டுவார்கள். கொடிக்குள் இரும்புக் கம்பி மறைந்திருக்கிறது என்று தெரிந்ததும் அவர் மனைவிக்கு உயிர் வந்தது, அவருக்குப் போயிற்று. அந்த வாரமே தரைத்தளத்துப் பையன் அதே பாலத்தில் யாரோ ஆடிய ரீல்ஸைக் காட்டினான். இயா அன்றிரவே அழிக்கப்பட்டது.

அடுத்து டொட்டோரி. கடலோரத்தில் கிலோமீட்டர் கணக்கில் மணல்மேடு, ஏறிச் சுற்ற ஒட்டகம். "மணலும் கடலும் பார்க்க எதுக்குங்க ஜப்பான்? பீச்சுல நமக்குக் குதிரையே இருக்கே" என்றார் மனைவி. அழி.

பிறகு ஒகுனோஷிமா. 1929 முதல் போர் முடியும்வரை அங்கே ரகசியமாக விஷவாயு தயாரித்தார்கள். அதனால் ஜப்பான் தன் வரைபடத்திலிருந்தே அந்தத் தீவை எடுத்திருந்தது. வரைபடத்திலேயே இல்லாத ஊர்! இரண்டு நாள் அவருக்குத் தூக்கமில்லை. மூன்றாம் மாடிக் குட்டிப்பெண், "ஐ, முயல் தீவுதானே அங்கிள்?" என்று கேட்டுத் தொலைத்தாள். இன்றைக்கு அங்கே நூற்றுக்கணக்கான முயல்கள். உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது.

கடைசியில் அவொகஷிமாவில் வந்து நின்றார். டோக்கியோவுக்குத் தெற்கே சுமார் 360 கிலோமீட்டரில், கடலுக்கு நடுவே ஒரு எரிமலை. அதற்குள் இன்னொரு குட்டி எரிமலை. 1785-இல் வெடித்தபோது தப்பியவர்கள், திரும்பி வந்து குடியேற அரை நூற்றாண்டு ஆயிற்று. ஹச்சிஜோஜிமா தீவுக்குப் போய், அங்கிருந்து ஒன்பதே பேர் உட்காரும் ஹெலிகாப்டரில் போக வேண்டும், இல்லையென்றால் கப்பல். அலை அடித்தால் கப்பல் வராது. அலை அடிக்கடி அடிக்கும்.

"மொத்தமே 170 பேர்தான்!" என்று பூரித்தார்.

"அவங்ககிட்ட நாம என்னங்க பேசறது?"

"பேசறதுக்கா போறோம்?"

"சரி, சாப்பாடு?"

"பூமியிலேர்ந்து நீராவி வருது. அதுலயே உருளைக்கிழங்கு வேகவெச்சுக்கலாம்."

"தொட்டுக்க?"

டைரியில் அதற்குப் பதில் இல்லை. சூப்பிலும் மீன் கொதிக்கவிட்ட தண்ணீர்தான் இருக்கும் என்பதை அவர் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

விசாவுக்கு எந்தெந்த நாள் எங்கே இருப்பீர்கள் என்று எழுதித் தரவேண்டும். டிராவல்ஸ் பையன் அவர் தாளை வாங்கிப் படித்தான். நான்காம் நாள்: கப்பலுக்குக் காத்திருத்தல். ஐந்தாம் நாள்: கப்பல் வராவிட்டால், மறுபடி காத்திருத்தல். "ஃபுஜி மலை ஒண்ணு சேர்த்துக்கலாமா சார்? எல்லாரும் போடுவாங்க" என்று பாவம், நல்ல மனசோடுதான் கேட்டான். சார் தாளைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறினார்.

அவர் மனைவி வெளியேறவில்லை. டோக்கியோ, ஃபுஜி, கியோட்டோ, ஒசாகா. கூடவே நம்மூர்ச் சமையல்காரர், தினமும் தயிர்சாதம். நாற்பது பேர் குரூப். இரண்டு பாஸ்போர்ட்டையும் கொடுத்து அட்வான்ஸும் கட்டிவிட்டார்.

சார் இடிந்துபோயிருப்பார் என்றுதான் நினைத்தோம். குரூப் அட்டவணையில் ஆறாம் நாள், ஒசாகா, 'மாலை 4 முதல் 6 வரை ஓய்வு' என்று ஒரு வரி இருக்கிறதாம். அந்த இரண்டு மணி நேரத்துக்காகப் புது டைரி வாங்கியிருக்கிறார். எங்கே போகிறார் என்று மனைவிக்குக்கூடச் சொல்வதில்லை. சொன்னால் முப்பத்தெட்டு பேரும் பின்னாலேயே வந்துவிடுவார்களாம்.