யார் பார்த்த வேலை இது?

போன செவ்வாய்க்கிழமை காலை, கிழக்கு லண்டனில் ஒரு வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. இறங்கியவர் கூரையோரத் தகரக் குழாயில் அடைத்திருந்த இலைதழைகளை அள்ள வந்தவர். ஏணியைச் சாத்தினார், நாலு படி ஏறினார், தற்செயலாக அண்ணாந்து பார்த்தார். அங்கே மூன்று மாதத்துக்கு முன்னால் புதிதாகக் கட்டிய புகைக்கூண்டு நின்றுகொண்டிருந்தது. பல்லிடுக்கில் காற்றை உள்ளே இழுத்தார். 'ஸ்ஸ்ஸ்ஸ்.' பிறகு கீழே குனிந்து கேட்டார்:

"யார் பார்த்த வேலை இது?"

வீட்டுக்காரருக்கு ரத்தம் தலைக்கேறியது. (வீட்டுக்காரர் என்று இங்கே சொல்லப்படுபவர் இதை எழுதுகிறவரேதான். 'நான்' என்று எழுதினால் இதெல்லாம் தனக்கே நடந்ததுபோல் ஆகிவிடும் என்று அவருக்கு ஒரு கூச்சம்.) கூப்பிட்டது இலை அள்ள. சிம்னியைப் பற்றி யாரும் யாரிடமும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

பழைய சிம்னிக்கு லைனர் மாற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயங்கள் மூன்று. அந்த மூன்றையும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன், அந்த 'ஸ்ஸ்ஸ்' பற்றி ஒரு வார்த்தை.

நம் ஊரில் இது 'த்சு'. வந்து நின்றதும் கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்து ஒரு 'த்சு'. ஏ.சி. மெக்கானிக் மூடியைக் கழற்றியதும் ஒரு 'த்சு'. தையல்காரர் பழைய சட்டையின் தோளைப் பிடித்துத் தூக்கி, "இதை எங்க சார் குடுத்தீங்க?" முடி வெட்டுகிறவர் பின்னந்தலையைக் கலைத்துவிட்டு, "கடைசியா எங்க வெட்டுனீங்க?" ஆறாம் வகுப்பு வாத்தியார், "அஞ்சாம் கிளாஸ்ல உனக்கு யாருடா கணக்கு எடுத்தது?" பல் டாக்டர் மட்டும் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார், நம் வாயில் அவருடைய கை இருக்கும்போதே. ஆங்கிலேயத் தொழிலாளியும் இதே குலம்தான். நம்மவர் காற்றை வெளியே விடுவார், இவர் உள்ளே இழுப்பார். இழுக்கும் நேரத்துக்கும் பில் தொகைக்கும் தொடர்பு உண்டு. ஒரு விநாடி என்றால் சின்ன ரிப்பேர். நாலு விநாடி என்றால் சாரம் கட்ட வேண்டும்.

விஷயத்துக்கு வருவோம். வீடு 1900களின் தொடக்கத்தில் கட்டியது. தெரு முழுக்க ஒட்டு வீடுகள், இரண்டு வீட்டுக்கு ஒரு கூண்டு. அதன் உச்சியில் வரிசையாக எட்டுச் சுட்டமண் குழாய்கள், ஆளுக்கு நாலு. முன்னறைக் கணப்பில் விறகு ஸ்டவ் வைத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு குளிர்காலத்துக்கு முன் மாடிப் படுக்கையறைச் சுவரில் காப்பி நிறத்தில் ஒரு கறை தோன்றியது. முதலில் இலங்கை அளவில் இருந்தது. அடுத்த மார்கழிக்குள் மடகாஸ்கர் ஆகிவிட்டது. "பாத்துக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். ஆஸ்திரேலியா வரட்டும் என்று காத்திருக்கிறாரா என்று வீட்டம்மா கேட்ட பிறகுதான் ஆளைக் கூப்பிட்டார்.

வந்தவர் கூரை ஏறி, மேலிருந்த தொப்பியைக் கழற்றி, உள்ளே தெரிந்த லைனரைப் போனில் படம் பிடித்து வந்தார். நாலு விநாடி இழுத்தார். படத்தில் எவர்சில்வர் குழாய், அதன் மேல் அச்சடித்த அம்புக்குறி. அம்பு பூமியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

லைனர் என்பது மெல்லிய எவர்சில்வர் பட்டையைச் சுருள் சுருளாகச் சுற்றி, ஓரத்தோடு ஓரம் கவ்வ வைத்த குழாய். புகை போகும் திசையைக் காட்ட அதில் அம்பு போட்டிருக்கும். ஓடு வேயும்போது மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறி உட்காருமே, அதே கணக்கு. சரியாக இறக்கினால் உள்ளே படியும் தாரும் ஈரமும் வழுக்கிக்கொண்டு ஸ்டவ்வுக்கே திரும்பி வந்து எரிந்துபோகும். தலைகீழாக இறக்கினால் ஒவ்வொரு மடிப்பும் ஒரு குட்டிக் கிண்ணம். தார் அதில் தேங்கும், இரும்பை அரிக்கும், செங்கல்லில் ஊறும், கடைசியில் படுக்கையறைச் சுவரில் தேசப்படம் வரையும்.

"யார் பார்த்த வேலை இது?" என்றார் அவர்.

யாரோ ஒருவர். பேர் வேண்டாம். விலை மலிவு, சிரித்த முகம், சனிக்கிழமையும் வருவார். ஸ்டவ் பொருத்துகிறவர்களைப் பதிவு செய்யும் ஹீட்டாஸ் அமைப்பில் இருப்பவரா என்று கேட்டிருக்க வேண்டும், அல்லது உள்ளூர்க் கட்டட அதிகாரிக்குச் சொல்லிச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. (மூன்றில் முதலாவது விஷயம் இதுதான்.) ஆனால் அந்தப் புண்ணியவானும் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இதே கணப்புக்குள் தலையை விட்டு, இதே 'ஸ்ஸ்ஸ்' போட்டு, இதே கேள்வியைத்தான் கேட்டார். அவருக்கு முந்தியவர் கணப்பைப் பலகையடித்து மூடியிருந்தார், காற்றுப் போக ஒரு துளைகூட விடாமல். உள்ளே நூறு வருஷக் கரி ஈரத்தில் ஊறிக் கிடந்தது.

பலகை அடித்தவர் யாரைத் திட்டியிருப்பார்? 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் நிலக்கரிப் புகையில் மூச்சுத் திணறியது. அன்றைய கணக்கில் சுமார் 4,000 சாவு, பின்னால் வந்த ஆய்வுகளில் 12,000 வரை. 1956ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. வீடுகள் மெல்ல மெல்ல கேஸுக்கு மாறின, கணப்புகளுக்குப் பலகை விழுந்தது. ஆகவே அவர் திட்டியது கரி எரித்த ஊரையே. கரி எரித்தவர்கள் கட்டிய கொத்தனாரைத் திட்டியிருப்பார்கள். ஒரு புகைவழிக்கும் அடுத்ததற்கும் நடுவே வெறும் அரைச்செங்கல் கனத்தில் சுவர் வைத்துவிட்டுப் போனவர் அவர்தானே. அந்தக் கொத்தனாருக்கும் திட்ட ஆள் கிடைத்திருக்கும். ரம்ஃபோர்டு பிரபு 1796ல் கணப்புகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டு, லண்டன் சிம்னிகளின் தொண்டை அளவுக்கு மீறி அகலம், நாலு அங்குலம் போதும் என்று சொல்லிவிட்டார். அதாவது ஒரு நகரத்தையே பார்த்து 'ஸ்ஸ்ஸ்' போட்டவர். அவருக்கும் முன்னால் 1785ல், கப்பலில் அமெரிக்கா திரும்பிக்கொண்டிருந்த பெஞ்சமின் பிராங்க்ளின், சிம்னி ஏன் அறைக்குள் புகைகிறது என்று காரணங்களை எண் போட்டு அடுக்கி, அட்லாண்டிக் நடுவில் உட்கார்ந்து நீளமாகக் கடிதம் எழுதினார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கடல், ஒரு சிம்னி கிடையாது. இருந்தும் மனிதருக்கு ஆற்றாமை அடங்கவில்லை.

இன்னும் பின்னால் போகலாம். 1662ல் இங்கிலாந்தில் கணப்புக்கு வரி போட்டார்கள், ஒரு கணப்புக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங். ஆக்ஸ்போர்டுஷயரில் சர்ச்சில் என்ற கிராமத்தில் ரொட்டி சுடும் ஒருவர் அந்த வரியை மிச்சம் பிடிக்க, சுவரைக் குடைந்து தன் அடுப்புப் புகையைப் பக்கத்து வீட்டுச் சிம்னிக்குள் விட்டதாகச் சொல்கிறார்கள். 1684ல் தீப்பிடித்தது. இருபது வீடு போயிற்று, நாலு பேர் செத்தார்கள். மறுநாள் காலை அந்தச் சாம்பல் மேட்டில் நின்றுகொண்டும் எவராவது 'யார் பார்த்த வேலை இது' என்று கேட்டிருப்பார். அந்த ஒரு இடத்தில் மட்டும் கேள்வி நியாயமானது.

எவரும் கேட்காமல் விட்ட இடமும் ஒன்று உண்டு. ஒன்பதுக்கு ஒன்பது அங்குலப் புகைவழிக்குள் கரி சுரண்டச் சின்னப் பையன்களை ஏற்றினார்கள். கரியால் அந்தத் தொழிலாளிகளுக்கு வரும் புற்றுநோயைப் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் 1775ல் எழுதினார். சிறுவர்களை ஏற்றுவதைக் கட்டுப்படுத்த 1788லிருந்து சட்டம் மேல் சட்டம் வந்தது. 1875ல் ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் கேம்பிரிட்ஜ் அருகே ஒரு ஆஸ்பத்திரிச் சிம்னியில் சிக்கி இறந்த பிறகுதான், துடைப்பவர் உரிமம் வாங்க வேண்டும் என்று சட்டம் இறுகிற்று. நூறு வருஷம். வீட்டுக்காரர் தன் கறைக்கு எடுத்துக்கொண்டது இரண்டு.

விஷயத்துக்கு வருவோம் என்று மேலே சொன்னோம். வந்துகொண்டே இருக்கிறோம்.

லைனரோடு போகவில்லை கதை. கூண்டே சாய்ந்திருந்தது. புகையில் வரும் கந்தக உப்பு காரையில் ஊறும். மழை அதிகம் அடிக்கிற பக்கம் காரை உப்பி உயரும், கூண்டு எதிர்ப்பக்கம் வளையும். இங்கே மழைக்காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து. அதாவது கன்னி மூலையில் அடி வாங்கி ஈசானிய மூலைக்குச் சாய்கிறது. "ஈசானியத்துல பாரம் ஏறக் கூடாதே" என்றார் வீட்டம்மா. எஞ்சினியர் அறிக்கையும் சுற்றி வளைத்து அதையேதான் சொன்னது, கட்டணத்தோடு.

மதுரைக்குப் போன் போட்டு மச்சானிடம் புலம்பினார் வீட்டுக்காரர். சிம்னி மாற்ற இத்தனை ஆயிரம் பவுண்டு என்றதும் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, "மாப்ள, இங்க பன்னெண்டாயிரம் ரூபாதான். ஆட்டோ கிளீன். கையைக் காட்டுனாலே ஓடும். கூரியர்ல போட்டு விடவா?" என்றார். சமையலறையில் மாட்டுவது வேறு சிம்னி என்று விளக்கி முடிக்க இருபது நிமிஷம் ஆனது. முடிவில் அவர் கேட்டார்: "சரி, மொதல்ல அதைப் போட்டவன் யாரு?"

ஈசானியத்தில் இருப்பது பக்கத்து வீடு, யாழ்ப்பாணத்து அண்ணருடையது. பொதுச்சுவர் மேல் நிற்கும் கூண்டு என்பதால் 1996 பொதுச்சுவர்ச் சட்டப்படி இரண்டு மாதத்துக்கு முன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டி இரண்டு தரம் வாசித்தார். "தம்பி, மழை உங்கட பக்கத்தால வருது. கூண்டு என்ர பக்கம் சரியுது. அப்ப ஆர் காசு குடுக்கிறது?" பாதிப் பாதி என்று தேநீரோடு தீர்ந்தது. கையெழுத்துப் போட்ட கையோடு தன் பரணையும் பார்க்கச் சொன்னார். சிம்னி வேலைக்கு அமர்த்திய கொத்தனார் ஏறினார். உள்ளேயிருந்து வந்த 'ஸ்ஸ்ஸ்' ஆறு விநாடி. கூடத்தை அகலமாக்குவதற்காக, அறைக்குள் துருத்திக்கொண்டிருந்த சிம்னிச் சுவரை யாரோ அடியோடு இடித்திருந்தார்கள். மேலே நிற்கும் செங்கல் பாரத்துக்கு ஒரு இரும்பு உத்தரம்கூடக் கொடுக்கவில்லை. "அது முந்தியிருந்தவன் செய்தது தம்பி" என்றார் அண்ணர், கேட்பதற்கு முன்பே.

சாரம் கட்டிக் கூரை மட்டம் வரை பிரித்தார்கள். மூன்றாம் நாள் கொத்தனார் உள்ளங்கையில் ஒரு பழைய காரைக் கட்டியை ஏந்திக்கொண்டு இறங்கி வந்தார். சாம்பல் நிறம். உடைந்த ஓரத்தில் தலைமுடி கனத்தில் வைக்கோல் துணுக்குகள், நூறு வருஷம் கழித்தும் மஞ்சள் மாறாமல். கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார்: "தப்பா நினைக்காதே மேட், அந்தக் காலத்தில் சுண்ணாம்பில் மாட்டுச் சாணி கலந்துதான் சிம்னிக்குள் பூசுவார்கள்." வீட்டுக்காரர் அதை வாங்கி முகர்ந்தார். வாசனை போய்விட்டிருந்தது. சாணி தெளித்த வாசலில் கோலம் பார்த்து வளர்ந்தவர், பன்னிரண்டு வருஷமாகச் சாணி பூசிய சுவரோடுதான் லண்டனில் குடியிருந்திருக்கிறார். சாணியில் இருக்கும் நார் காரையைப் பிடித்து வைக்கும், வெடிக்க விடாது. இங்கிலாந்தில் புதுச் சிம்னிக்கு உள்குழாய் கட்டாயம் என்று விதி வந்தது 1960களில். அதுவரை இந்த நாட்டுக்கு லைனர் என்றால் மாடுதான். கட்டியை வீட்டம்மாவிடம் காட்டினார். கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட வரச் சொன்னார்.

"316 போடவா, 904 போடவா?" என்று மேலிருந்து கேட்டபோது வீட்டுக்காரர் பஸ் நம்பர் என்று நினைத்துக்கொண்டார். இரண்டும் எவர்சில்வர் தரம், 904 அமிலத்தைக் கூடுதலாகத் தாங்கும், விலையும் கூடுதல். ஏற்கெனவே ஒரு தடவை மலிவில் பட்டவர் என்பதால் 904. (இரண்டாவது விஷயம் இது.) அறுத்து உருவிய பழைய குழாய் தோட்டத்தில் கறுத்த பாம்பாகக் கிடந்தது. புதியதன் முனையில் கூம்பு மாட்டிக் கயிற்றில் இறக்கினார்கள். மேலே ஒருவர் தள்ள, கீழே ஒருவர் வடம் பிடிக்க. தேர்போலவே முடுக்கில் திரும்பும்போது சிக்கியது. முக்கால் மணி நேரம் கழித்துக் கூம்பு கணப்புக்குள் எட்டிப் பார்த்தது. இறக்குவதற்கு முன் அம்பு வானத்தைப் பார்க்கிறதா என்று வீட்டுக்காரர் மூன்று முறை சரிபார்த்தார். (மூன்றாவது விஷயம் இது.) நாலாவது முறை கேட்டபோது கொத்தனார் பதில் சொல்லவில்லை.

கூண்டை மறுபடி எழுப்பியது சுண்ணாம்புக் காரையில். பழைய செங்கல் மெத்து. இடையில் கடினமான சிமென்ட்டை அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லுக்குள் தங்கும், உறைபனியில் செங்கல் முகம் பொரிந்து உதிரும். பழைய கூண்டின் உச்சியில் நடந்தது அதுதான், எவரோ சிமென்ட் பூசியிருந்தார்கள். ஐந்து டிகிரிக்குக் கீழே சுண்ணாம்பு வேலை ஆகாது என்பதால் ஆகஸ்டிலேயே முடித்துவிட்டார்கள். இப்போது கறை வளரவில்லை. இருக்கிற கறைக்கு வெள்ளையடிக்க வேண்டும், பார்த்துக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமை இலை அள்ள வந்தவர் ஏணியில் நின்றபடி சொன்ன குறை இதுதான்: "சுண்ணாம்பில் கட்டியிருக்கிறார்களே மேட். நல்லா சிமென்ட்டில் பூசியிருக்க வேண்டாமா?"

பழைய வீடு வாங்கியிருப்பவர்கள் மழையில்லாத நாளாகப் பார்த்து எதிர்ப்புற நடைபாதையில் நின்று உங்கள் கூண்டைப் பாருங்கள். சாய்ந்திருந்தால் கொத்தனார் நம்பர் கேட்டு இந்த வீட்டுக்காரருக்குப் போன் செய்ய வேண்டாம். தர மாட்டார். தந்தால், இன்னும் பன்னிரண்டு வருஷத்தில் யார் பார்த்த வேலை இது என்று உங்கள் வீட்டில் ஒருவர் கேட்பார், நீங்கள் இவர் பேரைச் சொல்வீர்கள்.